சிறைமதிலும் சிவாவின் நடையும்

அஸ்தம்பட்டிவாசிகளுக்குச் சேலம் மத்திய சிறையின் மதில் அன்றாடக் காட்சி. பணி ஓய்வுக்குப் பிறகு என் காலை நடையும் அதன் ஓரமாகத்தான். முழங்கால் வலி முற்றி, நடையையே கைவிட எண்ணியிருந்த நாள்களில், 1912 நவம்பரில் சேலம் சிறையிலிருந்து விடுதலையான ஒருவரின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன். அவர் சுப்பிரமணிய சிவா.

வத்தலகுண்டில் 1884-இல் பிறந்த சிவா, 23 வயதில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாருடன் மேடையேறினார். 1908 தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி நடத்திய வேலைநிறுத்தம் ஊதிய உயர்வையும் ஞாயிறு விடுமுறையையும் பெற்றுத் தந்தது. அந்தப் போராட்டத்தை வகுப்பில் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன்; வ.உ.சி.யின் பெயரைச் சொல்வேன், சிவாவின் பெயரைச் சொன்னதாக நினைவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

மார்ச் மாதம் கைதானார். பத்தாண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் ஆறாண்டானது. சிறையில் ஆட்டு மயிரைச் சுத்தம் செய்யும் வேலை கொடுத்தார்கள். அதனால்தான் தொழுநோய் வந்தது என்று இன்றும் சொல்வதுண்டு. தொழுநோய் அவ்வாறு வருவதில்லை. அது கிருமியால் பரவி, ஆண்டுக்கணக்கில் உள்ளுறைந்து வெளிப்படும் நோய். ஆயினும் திடகாத்திரமாக உள்ளே போன இளைஞர் நோயாளியாக வெளியே வந்தார் என்பதில் ஐயமில்லை. அப்போது அவருக்கு வயது 28. இன்று மாத்திரைகளால் குணமாகும் அந்நோய்க்கு அன்று மருந்து இல்லை.

வெளியே வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. 1913-இல் சென்னையில் 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் ஒதுங்கியிருந்த பாரதியார் அதில் எழுதினார். 1915-இல் மனைவி மீனாட்சியம்மை மறைந்தார். இதழும் நீடிக்கவில்லை. நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறுவதையும் அரசு தடுத்தது. புண்பட்ட கால்களுடன் ஊர் ஊராக நடந்தார். இயலாதபோது கட்டை வண்டியில் போனார். சென்னையில் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். காவி உடுத்திச் சுதந்திரானந்தர் என்று பெயர் பூண்டார். 1921-இல் மீண்டும் சிறை.

'நல்லதையே நினை, நல்லதே நடக்கும்' என்னும் இக்காலத்து உபதேசத்தோடு இவரைச் சேர்க்க எனக்கு மனமில்லை. அவருக்கு நல்லது நடக்கவில்லை. நடக்கும் என்று காத்திருந்ததாகவும் தெரியவில்லை. உடல் வேறு, ஆன்மா வேறு என்பது அவர் ஏற்ற வேதாந்தம். அதை ஆறுதலாக அல்லாமல், அழிகிற உடலில் எஞ்சியிருந்த நாள்களைச் செலவிடும் கணக்காகவே அவர் கொண்டார். வரவுக்கேற்ற செலவு என்று நாற்பதாண்டுக் காலம் பாடம் நடத்திய எனக்கு, வரவே இல்லாத அந்தக் கணக்கு எளிதில் பிடிபடவில்லை. அவருடைய மன உறுதியைப் போற்றும் வேகத்தில், அவரை நடக்க வைத்தவர்களை நாம் மறந்துவிடவும் கூடாது. தொழுநோயாளரைப் பிரித்து அடைத்துவைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது. சுதந்திரம் பெற்ற பிறகும் ஏறத்தாழ எழுபதாண்டுகள் அதை நாமும் வைத்திருந்தோம்.

கடைசி ஆண்டுகளில் அவர் தேர்ந்தெடுத்த இடம், அன்றைய சேலம் மாவட்டத்திலும் இன்று தர்மபுரி மாவட்டத்திலும் உள்ள பாப்பாரப்பட்டி. அங்கே பாரதாசிரமம் அமைத்து, சாதி சமய வேறுபாடின்றி எல்லோரும் வணங்கப் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப விரும்பினார். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கட்டடத்துக்கு வேண்டிய பணத்தைத் தேடி, அந்த உடலோடு சிவா மறுபடியும் ஊர் ஊராகப் புறப்பட்டார்.

பணம் சேரவில்லை. நோய் முற்றிய நிலையில் பாப்பாரப்பட்டிக்குத் திரும்பி, 1925 ஜூலை 23 அன்று, 40 வயதில் அங்கேயே காலமானார். அப்போது அவ்விடத்தில் அடிக்கல் மட்டுமே இருந்தது.