ஒளியால் அளந்த மேதை பீட்டர் டிபை

இருண்ட அறைக்குள் சன்னல் இடுக்கு வழியே வெயில் நுழையும்போது, அதில் தூசிகள் மின்னுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தூசியின் மேல் பட்டு ஒளி சிதறுவதால்தான் அவை நம் கண்ணுக்குப் புலனாகின்றன. இந்த ஒளிச்சிதறலைக் கொண்டே, தூசியைவிட மிகமிகச் சிறிய மூலக்கூறுகளை அளக்க வழிகாட்டியவர் பீட்டர் டிபை.

இவர் 1884 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பிறந்தார். ஜெர்மனியில் ஆகன் நகரில் மின்பொறியியல் பயின்றார். அங்கே சோமர்ஃபெல்ட் என்னும் பேராசிரியர் இவரை இயற்பியலின்பால் ஈர்த்தார். 1911 இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் ஐன்ஸ்டைன் வகித்த பதவி இவருக்குக் கிடைத்தது. 1936 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு இவரைத் தேடி வந்தது.

1940 இல் டிபை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1942 இல் தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர் தோட்டங்களை ஜப்பான் கைப்பற்றவே, அமெரிக்காவுக்குச் செயற்கை ரப்பர் தேவைப்பட்டது. ரப்பர் ஒரு பாலிமர். அதாவது, சிறு மூலக்கூறுகள் மணிகளைப்போல் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. கண்ணுக்குத் தெரியாத அச்சங்கிலியை எவ்வாறு அளப்பது?

பாலிமர் கரைசலில் ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியின் அளவைக் கொண்டு மூலக்கூறின் எடையைக் கணக்கிடலாம் என்று டிபை 1944 இல் எழுதினார். பல கோணங்களிலிருந்து அளந்தால், சுருண்டு கிடக்கும் சங்கிலியின் பருமனும் தெரியவரும். 1960 களில் லேசர் வந்தபின், சிதறும் ஒளி கணந்தோறும் மாறுவதைக் கொண்டு, சங்கிலிகள் கரைசலில் அசையும் வேகத்தையும் விஞ்ஞானிகள் அளக்கத் தொடங்கினர்.

இவ்வளவு பெரிய மேதையின் வாழ்விலும் ஒரு நிழல் உண்டு. 1938 இல், யூதக் குலத்தில் பிறந்த விஞ்ஞானி லிசே மைட்னர் ஜெர்மனியிலிருந்து தப்பிச் செல்ல உதவியவர்களில் டிபையும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில், ஜெர்மன் இயற்பியல் கழகத்தின் தலைவர் என்ற முறையில், யூத உறுப்பினர்கள் விலகவேண்டும் என்ற கடிதத்தில் கையொப்பமிட்டவரும் அவரே! 1966 இல் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 2006 இல், இது பெரும் விவாதமாயிற்று. உட்ரெக்ட் பல்கலைக்கழகம் தன் ஆய்வு நிலையத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. பின்னர் மீண்டும் சூட்டியது.

ஒரு சங்கிலியின் உருவை அறியவே பல கோணங்கள் வேண்டும் என்றால், ஒரு மனிதரை அறிய எத்தனை கோணங்கள் வேண்டும்! டிபையின் அறிவை நாம் போற்றுவோம். அந்தக் கடிதத்தையும் மறவாதிருப்போம். நம்மோடு இருப்பவரை விலக்கச் சொல்லும் தாள் ஒன்று நம் முன் வந்தால், அதில் கையொப்பமிடாத துணிவை இறைவன் நமக்கு அருள்வாராக!