ஒளியின் கணக்கை எழுதிய பஞ்சரத்தினம்

ஆக்ஸ்போர்டு நகரில் 1969 மே 28 அன்று ஒரு தமிழ் விஞ்ஞானி காலமானார். வயது 35. அவர் எழுதிவைத்த கணக்கின் முழுப் பெருமை உலகுக்குத் தெரியவர மேலும் 17 ஆண்டுகள் ஆயின.

சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் 1934ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். சர் சி. வி. ராமனின் சகோதரி மகன். பெங்களூரில் மாமாவின் ஆராய்ச்சி நிலையத்தில், படிகங்களின் ஊடே ஒளி செல்லும் விதத்தை ஆராய்ந்தார்.

ஒளி அலை ஒரே திசையில் அதிர்ந்தால் அது தளவிளைவுற்ற ஒளி. விளக்கின் ஒளியிலோ எல்லாத் திசைகளும் கலந்திருக்கும். தளவிளைவை ஒரு சுற்று மாற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும், அலையின் கட்டத்தில் ஒரு மாறுதல் தங்கிவிடும் என்று 1956இல், தமது 22ஆம் வயதில், அவர் கண்டார். அரைகுறையாகத் தளவிளைவுற்ற கதிர்களுக்கும் அதே ஆண்டில் கணக்கு வகுத்தார்.

அரைகுறை ஒளியின் இந்தக் கணக்கும், பின்னிப்பிணைந்த குவாண்டம் துகள்களின் கணக்கும் ஒரே இனம். இருவர் வரவும் சேர்ந்த பேரேட்டில் ஒருவர் கணக்கு மட்டும் வேண்டுமானால், மற்றவருக்குரிய பத்திகளைக் கூட்டி முடித்துவிட வேண்டும். முழுமையாகப் பிணைந்த இரு ஒளித்துகள்களில் ஒன்றை மட்டும் இப்படிப் பிரித்தால், அதன் அடர்த்தி அணியில் எதிரெதிரான இரு தளவிளைவுகளுக்கும் சரிபாதி விழும். குறுக்கு இடங்களில் பூஜ்யமே மிஞ்சும். தனித்துகள் விளக்கொளி போலவே தோன்றும். இரண்டுக்கும் உள்ள உறவு கூட்டுப் பேரேட்டில் மட்டுமே இருக்கும்.

மைசூர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பின் பஞ்சரத்தினம் ஆக்ஸ்போர்டு சென்றார், திரும்பி வரவில்லை.

1984இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயலில் இத்தகைய கட்ட மாறுதலைத் தனியே கண்டு புகழ்பெற்றார். பஞ்சரத்தினம் முன்பே இதைத் தொட்டிருக்கிறார் என்று 1986இல் அவருடைய அண்ணன் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் எடுத்துக்காட்டினர். பெர்ரியும் அதை மனமார ஏற்றார்.

அந்த நித்யானந்தா பிற்காலத்தில் புனே கணேஷ்கிண்டில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் இயக்குநரானார். அம்மையத்துக்காக நாராயண்காவ் அருகே கோடாட்டில் நிற்கும் 30 பெரும் ஆன்டெனாக்கள், வானிலிருந்து வரும் அரைகுறைத் தளவிளைவு அலைகளையும் அளக்கின்றன. பஞ்சரத்தினம் இளமையில் ஆராய்ந்த கேள்வி, புனேக்கு அருகிலேயே இன்றும் தொடர்கிறது.