ஐரிஸ் கிழங்கு நட்ட லெனார்ட் வுல்ஃப்

நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, ஒரு புனிதரையோ பெண்கல்விக்கு உழைத்த ஒருவரையோ எடுத்துக்கொள்வோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நாம் எடுத்துக்கொண்டவர் ஓர் ஆங்கிலேயர். யூதக் குடும்பத்தில் பிறந்து கடவுள் நம்பிக்கை இல்லாமல் வாழ்ந்தவர். எமது கடற்கரையில் சில வாரங்கள் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்த வெள்ளைக்காரத் துரை. எமக்குப் படிப்பித்த அருட்சகோதரிகள் மன்னிப்பார்கள் என்று நம்புகிறோம்.

லெனார்ட் வுல்ஃப் 1880 நவம்பர் 25 ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தையார் பேர்பெற்ற வழக்கறிஞர். லெனார்டுக்குப் பதினொரு வயதாக இருக்கையில் அவர் இறந்துபோக, பிள்ளைகள் நிறைந்த அந்தக் குடும்பம் வசதியை இழந்தது. புலமைப்பரிசிலில் படித்துக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி வரை சென்றார். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவாகி 1904 டிசம்பரில் கொழும்பில் வந்து இறங்கினார். வயது 24. வோல்டேயரின் நூல்தொகுதிகளும் சார்ள்ஸ் என்ற நாயும் வந்து சேர்ந்தன. அடுத்த மாதம் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை தொடங்கியது.

யாழ்ப்பாணத்தவர் பலருக்கு இவரைப் பிடிக்கவில்லை. தலைக்கனம் பிடித்தவர் என்று முறைப்பாடு போனது. முதலில் அநியாயம் என்று கொதித்தவர், குறிப்பிட்ட குற்றச்சாட்டு சரியோ பிழையோ, தாம் அந்த நாட்டில் அந்தக் கதிரையில் இருந்ததே பிழை என்பதைப் பின்னர் மெல்ல மெல்ல உணர்ந்தார். அதைத் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

தாழ்வுபாட்டுக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் மன்னார் வளைகுடா. அந்தக் கடலின் மறுபுறத்தில், இன்றைய மன்னார் மாவட்டத்தின் தென் எல்லையிலே மறிச்சுக்கட்டி இருக்கிறது. 1906 இன் முற்பகுதியில் அந்த வெறும் மணலில் ஆயிரக்கணக்கானோர் கூடிய ஒரு தற்காலிகப் பட்டினம் எழுந்தது. அரபு நாட்டுக் குளியாளிகள், இந்தியக் கரையிலிருந்து வந்த தமிழர், சோனகர், வியாபாரிகள், வட்டிக்காரர் என்று எல்லோரும் வந்திருந்தனர். படகுகள் கொண்டுவரும் சிப்பியில் பெரும் பங்கு அரசாங்கத்துக்கு, மிச்சம் குளித்தவர்களுக்கு. அதைப் பிரித்துக் கொடுப்பது வுல்ஃப் போன்ற இளம் உத்தியோகத்தரின் வேலை. சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்து எடுப்பார்கள். அந்த நாற்றமும் இலையான் கூட்டமும் அவரைக் கடைசிவரை விட்டுப் போகவில்லை. கடலில் இறந்த அரபுக் குளியாளி ஒருவரின் உடலைக் கரைக்குக் கொண்டுவந்தபோது தோழர்கள் சூழ்ந்து நின்று துக்கம் காத்த காட்சியும் அப்படியே. அந்த முத்துக்குளிப்பை வைத்து அவர் எழுதிய சிறுகதை 1921 இல் நூலாக வெளிவந்தது. எமது கடலைப் பற்றி உலகம் வாசித்த கதைகளுள் அது ஒன்று.

கண்டி, அம்பாந்தோட்டை என்று உத்தியோகம் உயர்ந்தது. 1911 இல் விடுமுறையில் ஊர் போனவர் திரும்பி வரவில்லை. 1912 ஓகஸ்ட் 10 ஆம் திகதி வெர்ஜீனியா ஸ்டீபனை மணந்தார். வெர்ஜீனியா வுல்ஃப் என்று உலகம் அறிந்த நாவலாசிரியை அவர்தான். அடுத்த ஆண்டு லெனார்டின் நாவல் வெளிவந்தது. அம்பாந்தோட்டைக் காட்டுக்குள் அழிந்துபோகும் ஒரு கிராமத்தின் கதை அது. பிற்காலத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைச் சிங்களத்தில் 'பெத்தேகம' என்று திரைப்படமாக்கினார்.

திருமணமாகி ஓராண்டுக்குள் வெர்ஜீனியாவின் மனநோய் கடுமையாகத் திரும்பியது. லெனார்ட் ஒவ்வொரு நாளும் மனைவியின் உறக்கம், உணவு, மனநிலை என்பவற்றைத் தம் நாட்குறிப்பில் குறித்து வந்தார். வேறு எவரும் வாசிக்கக் கூடாது என்பதற்காக, தமிழ் எழுத்தையும் சிங்கள எழுத்தையும் கலந்து தாமே ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கிக்கொண்டார். இலங்கையில் பழகிய எழுத்துகள், ஒரு நோயாளியின் இரகசியத்தைக் காக்க லண்டனில் உதவின. நோயாளர் பதிவேடுகளோடு நாள் கழிக்கும் எமக்கு, இவரிடம் முதலில் பிடித்துப்போனது இதுதான்.

முதலாம் உலகப் போரில் அவர் சேர்க்கப்படவில்லை. பிறவியிலிருந்தே அவருக்குக் கைநடுக்கம் இருந்தது. 1917 இல் ஒரே ஷெல்லில் தம்பி செசில் இறந்தார், இன்னொரு தம்பி பிலிப் காயமடைந்தார். அதற்கு முன்பே, நாடுகள் சண்டையிடாமல் வழக்குத் தீர்த்துக்கொள்ளும் வழி பற்றி லெனார்ட் ஒரு நூல் எழுதியிருந்தார். சர்வதேச சங்கத்தை அமைத்தவர்கள் அதைப் படித்துப் பயன்படுத்தினார்கள். தம் வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் போர் வராமல் தடுக்கும் வேலைக்கே அவர் கொடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை. அந்த வேலை தோற்றது. முதுமையில் அதை அவரே ஒப்புக்கொண்டார்.

1919 இல் சசெக்ஸ் மாகாணத்து ரொட்மெல் கிராமத்தில் மங்ஸ் ஹவுஸ் என்ற பழைய வீடு ஏலத்துக்கு வந்தது. 700 பவுணுக்கு வாங்கினார்கள். குழாய் நீர் இல்லை, மின்சாரம் இல்லை. லெனார்ட் ஆசைப்பட்டது வீட்டுக்கல்ல, வளவுக்கு. முக்கால் ஏக்கர் அளவு நிலம், பழைய ஆப்பிள் மரங்கள், இடிந்த சுவர்கள். தோட்ட வேலையை அவர் அங்கேதான் கற்றார். ஆப்பிள், பேரி, மரக்கறி, தேன்கூடு, கண்ணாடி வீட்டுக்குள் கள்ளிச் செடிகள் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது. கச்சேரிப் பழக்கம் போகவில்லை போலும், தோட்டத்து வரவு செலவை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதினார். கையில் வரும் காசு கன்றுக்கும் விதைக்கும் போகிறதே என்று வெர்ஜீனியா குறைப்பட்டதும் உண்டு. ஆனால் அவர் இருந்து எழுதிய மரக் கொட்டில் அந்தத் தோட்டத்துக்குள்ளேதான் இருந்தது. இரண்டு எல்ம் மரங்களுக்குத் தங்கள் பெயர்களையே வைத்திருந்தார்கள்.

1935 மே மாதம் இருவரும் காரில் ஜெர்மனியைக் கடந்து சென்றார்கள். லெனார்டின் தோளில் மிட்ஸ் என்ற சிறு மார்மொசெட் குரங்கு உட்கார்ந்திருந்தது. யூதருக்கு எதிரான பதாகைகள் தொங்கிய தெருக்களில் கூட்டம் குரங்கைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தது, அதன் சொந்தக்காரர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1938 இல், இலங்கைக்கு எத்தகைய அரசியலமைப்பு வேண்டும் என்று தொழிற்கட்சிக்கு அவர் ஒரு குறிப்பு எழுதினார். சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காக அதிகாரத்தைப் பெருமளவு பகிர வேண்டும், அல்லது சுவிற்சர்லாந்தைப் போன்ற சமஷ்டி முறை வேண்டும் என்பது அவரது யோசனை. ஒருவரும் பொருட்படுத்தவில்லை. எமது தலைமுறை படித்த வகுப்பறைகளில் எத்தனை முறை பாடம் பாதியில் நின்றது என்பதை நினைக்கும்போது, அந்தக் குறிப்பு பற்றி எமக்குப் பள்ளியில் யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

போருக்கு முந்திய கடைசி மாதங்களில் ஒரு நாள் பிற்பகல், லெனார்ட் ஓர் ஆப்பிள் மரத்தடியில் ஐரிஸ் நட்டுக்கொண்டிருந்தார். சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு, ஊதாப் பூ, குளிர் முடியும் காலத்தில் மண்ணைப் பிளந்து வரும். வீட்டுக்குள் வானொலியில் ஹிட்லரின் பேச்சு. யன்னலால் வெர்ஜீனியா கூப்பிட்டார். லெனார்ட் வர மறுத்தார். தாம் ஐரிஸ் நடுவதாகவும், அந்த மனிதன் செத்து வெகுகாலம் சென்ற பின்பும் இவை பூக்கும் என்றும் பதில் சொன்னார். இது அவரே எழுதி வைத்த சம்பவம். கேட்டதும் ஒரு வீரவசனம் போலத்தான் இருக்கும். ஆனால் 1940 இல் அந்த வீடு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் எடை புரியும்.

ரொட்மெல்லிலிருந்து நியூஹேவன் துறைமுகம் சில மைல்தான். ஜெர்மன் படை அந்தக் கரையில் இறங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இறங்கினால் யூதரான லெனார்டுக்கும் அவர் மனைவிக்கும் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. கைது செய்ய வேண்டியவர்கள் என்று நாஸிகள் தயாரித்த பட்டியலில் இருவர் பெயரும் இருந்தது போருக்குப் பின் வெளிவந்தது. பிடிபடுவதற்கு முன் இருவரும் சேர்ந்து உயிரை விடுவது என்று முடிவு செய்து, அதற்கான ஏற்பாட்டையும் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அதே வீட்டில், அதே மாதங்களில், அடுத்த வருடத்துக்கான மரக்கறிப் பாத்தியும் கொத்தப்பட்டது. விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்தபோது மரத்தடியில் குப்புறப் படுத்தார்கள், போனதும் எழுந்தார்கள். லண்டனில் அவர்களது வீடுகள் குண்டில் சிதைந்தன. நவம்பரில் ஊஸ் ஆற்றின் கரை குண்டுபட்டு உடைந்து, தோட்டத்துக்கு அப்பால் புல்வெளியெல்லாம் கடலாய் நின்றது.

எம் வயதுக்காரருக்கு இதில் விளக்க வேண்டியது அதிகம் இல்லை. தாழ்வுபாட்டில் பங்கர் வெட்டினால் மணல் சரியும். பனங்குற்றி அடுக்கி, மேலே மண் கொட்டி மேடாக்குவார்கள். எமது அம்மம்மா அந்த மேட்டில் பூசணிக் கொடி படரவிட்டார். நாங்கள் உள்ளே இருட்டில் குந்தியிருந்து செபமாலை சொல்லும்போதுகூட, மேலே யாரும் கொடியை மிதித்துவிடவில்லையே என்றுதான் அவருக்குக் கவலை. அப்போது எமக்கு அது பெரிய பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. படகேறிப் போவதா இருப்பதா என்று பெரியவர்கள் இரவில் குசுகுசுத்த அதே கிழமையில், அவர் கிணற்றடி நந்தியாவட்டையில் தடி வெட்டி அயல்வீட்டுக்குக் கொடுத்தார்.

ஆனால் தோட்டம் மருந்தல்ல. வைத்தியராக இருந்துகொண்டு இதை மறைத்து எழுத முடியாது. 1941 தொடக்கத்தில் வெர்ஜீனியா மீண்டும் நோய்ப்பட்டார். பிரைட்டனில் ஒக்டேவியா வில்பர்ஃபோர்ஸ் என்ற பெண் வைத்தியர் இருந்தார். வீட்டாரின் எதிர்ப்பை மீறி மருத்துவம் படித்தவர். அவர் பசுக்களும் வளர்த்தார். பங்கீட்டுக் காலத்தில் மெலிந்துபோன வெர்ஜீனியாவுக்குப் பாலும் ஆடையும் கொண்டுவந்து கொடுத்தவர். மார்ச் 27 ஆம் திகதி லெனார்ட் மனைவியை அவரிடம் அழைத்துச் சென்றார். பரிசோதித்தார், பேசினார், தேறுதல் சொல்லி அனுப்பினார். லிதியம் பற்றி அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் எழுத இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. கையில் பாலையும் நட்பையும் தவிர அதிகம் இல்லாத ஒரு வைத்தியர், மறுநாள் செய்தி கேட்டு என்ன பாடுபட்டிருப்பார் என்று எத்தனையோ இரவுக் கடமைகளில் நாம் யோசித்ததுண்டு. எமது தீவிலும் போருக்குப் பின், உறக்கம் இல்லை, நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூக்கன்று வையுங்கள் என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிட முடியாது.

மார்ச் 28 ஆம் திகதி முற்பகல் லெனார்ட் தோட்டத்தில் வேலையாக இருந்தார். மதிய உணவுக்கு மணி அடித்ததும் உள்ளே வந்தார். மேலே கடிதங்கள் இருந்தன. வெர்ஜீனியா ஊஸ் ஆற்றை நோக்கிப் போய்விட்டிருந்தார். மூன்று வாரங்களுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. சாம்பலை எல்ம் மரத்தடியில் லெனார்ட் புதைத்தார்.

தான் மண்ணில் குனிந்திருந்த அந்தச் சில மணி நேரத்தை எண்ணி அவர் அந்த வளவை வெறுத்திருக்கலாம். விற்றுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. போர் நடந்துகொண்டிருக்கையிலேயே கிராமத்துத் தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். அயலவரோடு விதையும் கன்றும் மாற்றிக்கொண்டார், இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த மண்ணைக் கொத்தினார். அதைத் துணிவு என்பதா, வேறு போக்கிடம் இல்லாமை என்பதா? எமக்கு இரண்டுமாகவே படுகிறது.

1960 பெப்ரவரியில், 79 வயதில், இலங்கைக்கு ஒருமுறை திரும்பி வந்தார். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை எல்லாம் பார்த்தார். முன்பு முறைப்பாடு எழுதிய ஊர் இப்போது வரவேற்றது. வீடு திரும்பி, சுயசரிதையை ஐந்து தொகுதிகளாக எழுதி முடித்தார். அதில் ஒன்றில்தான் ஐரிஸ் கதை வருகிறது. ஹிட்லர் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பின், 1966 மார்ச்சில், அந்த ஆப்பிள் மரத்தடியில் ஊதாப் பூக்கள் சில இன்னும் பூத்திருந்ததை அவர் பார்த்துக் குறித்து வைத்தார்.

1969 ஓகஸ்ட் 14 ஆம் திகதி லெனார்ட் வுல்ஃப் காலமானார். அவரது சாம்பலும் அதே தோட்டத்தில் புதைக்கப்பட்டது. எல்ம் மரங்களில் ஒன்று 1943 ஆம் ஆண்டுப் புயலில் விழுந்திருந்தது. மற்றது பின்னர் நோயில் பட்டது. வீடும் தோட்டமும் 1980 முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன. இங்கிலாந்தில் வாழும் எமது பழைய மாணவிகள் சசெக்ஸ் பக்கம் போனால், ரொட்மெல்லில் இறங்கி ஆப்பிள் மரங்களுக்குக் கீழே ஒருதரம் பார்த்து வரட்டும்.