சின்னஞ்சிறு கைகளுக்குச் சின்னஞ்சிறு புத்தகம்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர் பெரியோர். ஆனால் அந்த ஐந்து வயதுப் பிள்ளையை எதைக் கொண்டு வளைப்பது? அச்சத்தாலா, அன்பாலா? தம்பி தங்கையருக்குப் படக்கதைப் புத்தகம் வாங்கச் செல்லும்போது நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. இதற்குத் தம் எழுத்தாலும் தூரிகையாலும் விடை தந்தவர், பீட்டர் என்னும் முயல்குட்டியை உலகிற்கு அளித்த பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்.

இவர் 1866-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் இலண்டன் மாநகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வீட்டில் எதற்கும் குறைவில்லை; ஆனால் உடன் விளையாடத் தோழியர் இல்லை. பள்ளிக்கு அனுப்பப்படாமல், வீட்டிற்கு வந்த ஆசிரியைகளிடமே பாடம் கற்றார். மணியடித்ததும் தோழியர் புடைசூழ வெளியே ஓடிவரும் நமக்கு அத்தனிமையை எண்ணிப் பார்ப்பதும் அரிது. முயல், எலி, முள்ளெலி, தவளை இவையே அவருக்குத் தோழர்கள்! அவற்றை மணிக்கணக்காக உற்று நோக்கி வரைந்தார். நம் வயதை ஒட்டிய பருவத்தில் தாமே ஓர் இரகசிய எழுத்தை அமைத்து நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதன் மர்மம் 1958-இல்தான் விடுபட்டது.

காளான்களைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 1897-இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. அவைக்குள் பெண்களுக்கு இடமில்லாத காலம் அது. கட்டுரை உள்ளே சென்றது. எழுதியவர் உள்ளே செல்ல இயலவில்லை! மற்றொருவராயின் மனமுடைந்து போயிருப்பார். ஆனால் அவருக்கு வேறொரு வாயில் திறந்தது.

அந்த வாயிலைத் திறந்தவன் நோயுற்றுப் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன். அவன் பெயர் நோயல். அவருடைய பழைய ஆசிரியையின் மகன். 1893 செப்டம்பர் 4 அன்று, அவனை மகிழ்விக்க எண்ணி, பீட்டர் என்ற முயலின் கதையைப் படங்களுடன் கடிதமாக எழுதி அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து அக்கடிதத்தை அவனிடமே இரவல் வாங்கி, விரித்து எழுதிப் புத்தகமாக்கினார். பதிப்பகத்தார் பலர் மறுத்தனர். பெரிய அளவில் புத்தகம் வேண்டும் என்றனர் சிலர். குழந்தையின் கையில் அடங்க வேண்டும். விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். 1901 டிசம்பரில் தம் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டே பிரெடரிக் வார்ன் கம்பெனியார் அதை வண்ணப் படங்களுடன் வெளியிட்டனர். விலை ஒரு ஷில்லிங்!

கதையைப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்திற்குள் போகாதே என்கிறாள் தாய் முயல். பீட்டர் கேட்கவில்லை. தோட்டக்காரர் துரத்துகிறார். பூவாளிக்குள் ஒளிந்து, தண்ணீரில் நனைந்து, செருப்பையும் பொத்தான் வைத்த புதுச் சட்டையையும் இழந்து, களைத்து வீடு சேர்கிறான். தாய் அடித்தாளா? இல்லை. படுக்கையில் கிடத்தி, சீமைச் சாமந்திப் பூக் கஷாயம் ஒரு கரண்டி கொடுக்கிறாள். சொல் கேட்ட மற்ற மூவருக்கும் ரொட்டியும் பாலும் பழமும் கிடைக்கின்றன. கீழ்ப்படியாமையின் பயனும் உண்டு. வரவேற்கத் தாய்வீடும் உண்டு. ஆண்டவர் உரைத்த ஊதாரி மகன் உவமை நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

1845-இல் ஜெர்மனியில் வெளிவந்த ஹாஃப்மன் என்பவரின் புகழ்பெற்ற படப்புத்தகத்திலோ, விரல் சூப்பும் சிறுவனின் கட்டை விரல்கள் கத்தரியால் வெட்டப்படுகின்றன. தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள். அதைக் கேட்ட குழந்தை விரல் சூப்புவதை விடலாம். ஆனால் இரவில் நிம்மதியாக உறங்குமா?

1903-இல் வெளிவந்த குளூஸ்டர் நகரத் தையற்காரர் கதையும் இத்தகையதே. பூனை பிடித்து வைத்த எலிகளை ஏழைத் தையற்காரர் விடுவிக்கிறார். பின் அவர் நோயில் விழ, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் முடிக்க வேண்டிய அங்கியை, ஒரே ஒரு பொத்தான் துளை தவிர, எலிகளே தைத்து முடிக்கின்றன. நூலை ஒளித்து வைத்த பூனையும் நாணி, அதைத் திருப்பித் தருகிறது. இங்கே அறிவுரை சொல்ல எவரும் வரவில்லை. பூனையின் மனமாற்றமே போதனை!

அம்மையாருக்குத் துன்பமும் நேர்ந்தது. பெற்றோர் விரும்பாதபோதும், 1905 ஜூலையில் நார்மன் வார்ன் என்ற பதிப்பாளரை மணக்க இசைந்தார். ஒரே மாதத்தில் அவர் நோயால் மறைந்தார். துயரத்தை உழைப்பில் கரைத்தார் அம்மையார். ஏரிகள் நிறைந்த வடமேற்கு இங்கிலாந்தில் ஹில் டாப் என்னும் பண்ணையை வாங்கினார். 1913-இல் வில்லியம் ஹீலிஸ் என்ற வழக்கறிஞரை மணந்து, ஹெர்ட்விக் இனச் செம்மறியாடுகளை வளர்த்தார். 1943 டிசம்பர் 22 அன்று இறைவனடி சேர்ந்தார். தம் நிலத்தில் 4,000 ஏக்கருக்கு மேல், இயற்கை எழில் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிற்கு எழுதி வைத்தார்.

தோழியரே! நம் வீட்டுச் சின்னஞ்சிறார்க்கு நூல் தேர்ந்தெடுக்கும்போது, அட்டையின் பளபளப்பில் மயங்க வேண்டாம். குழந்தையின் கைக்கு அது அடங்குகிறதா? படம் உண்மையாக உள்ளதா? தவறு செய்த பிள்ளைக்குக் கதையின் முடிவில் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறதா? இவற்றைப் பார்ப்போம். அதோடு அருகில் அமர்ந்து நாமே படித்தும் காட்டுவோம். அன்பினால் வளைந்த கன்று நேராகவே வளரும் என்பதில் ஐயமில்லை!