போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம்

இந்தியாவில் ஒரு முஸ்லிம் சமஸ்தானத்தை நான்கு தலைமுறைப் பெண்கள் ஆண்டார்கள் என்று சொன்னால் நம்மில் பலர் நம்புவதில்லை. 1819க்கும் 1926க்கும் இடைப்பட்ட 107 ஆண்டுகளில் போபாலில் அதுதான் நடந்தது. குத்ஸியா பேகம், அவருடைய மகள் சிக்கந்தர் பேகம், பேத்தி ஷாஜஹான் பேகம், கொள்ளுப்பேத்தி சுல்தான் ஜஹான் பேகம். இவர்களில் கடைசியானவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

சுல்தான் ஜஹான் 1858ல் பிறந்தார். அரண்மனைப் பிள்ளை என்றாலும் அவருடைய இளமை இன்பமாக இருக்கவில்லை. தாய் ஷாஜஹான் பேகம், கணவர் இறந்தபின் நவாப் சித்தீக் ஹசன் கானை மறுமணம் செய்துகொண்டார். அதிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் இடையே விரிசல் விழுந்து, பல ஆண்டுகள் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது. இதற்கிடையில் சுல்தான் ஜஹான் தம்முடைய இரண்டு மகள்களையும், பில்கீஸ் ஜஹான், ஆசிஃப் ஜஹான் இருவரையும், சிறு வயதிலேயே பறிகொடுத்தார். 1901ல் தாய் இறந்து ஆட்சிக்கு வந்தபோது கஜானா வறண்டிருந்தது. அடுத்த ஆண்டே கணவரும் வஃபாத்தானார். ஆட்சியின் தொடக்கத்திலேயே அவர் விதவையானார்.

அவர் பர்தா அணிந்தே ஆண்டார். கிராமங்களைச் சுற்றிப் பார்த்ததும், 1911ல் ஐரோப்பா சென்றதும் பர்தாவோடுதான். பர்தா ஏன் தேவை என்று வாதிட்டு ஒரு நூலும் எழுதினார். அத்தோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத நமக்கு ஒன்றும் இருந்திருக்காது. பெண்கள் பர்தாவில் இருக்க வேண்டும் என்றால், அவர்களுக்குத் தேவையான கல்வியும் மருத்துவமும் பெண்களின் கைகளாலேயே கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்பதை அவர் விளங்கி வைத்திருந்தார்.

1903ல் சுல்தானியா பெண்கள் பள்ளியைத் திறந்தார். குர்ஆன், உர்து, கணக்கு, ஆங்கிலம், வீட்டு நிர்வாகம் எல்லாம் அங்கே பாடம். பெண் பிள்ளையை வாசல் தாண்டி அனுப்பத் தயங்கிய குடும்பங்களைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. இந்துச் சிறுமியருக்கும் தனிப் பள்ளி ஏற்படுத்தினார். விதவைகளும் ஆதரவற்ற பெண்களும் கைத்தொழில் கற்றுத் தம் காலில் நிற்க ஒரு தொழிற்பள்ளி வந்தது. இறந்துபோன மகள் ஆசிஃப் ஜஹானின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அவர் செய்தவற்றில் மிகப் பெரியதாக நாம் கருதுவது பிரசவ விஷயத்தில் செய்ததை. ஆண் மருத்துவரிடம் போகாத பெண்கள், முறையான பயிற்சியே இல்லாத மருத்துவச்சிகளை நம்பியிருந்தார்கள். தாயும் பிள்ளையும் இறப்பது விதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. பேகம் அதை விதியின் தலையில் போடவில்லை. பெண்களுக்கென இருந்த லேடி லான்ஸ்டவுன் மருத்துவமனையை வலுப்படுத்தினார், செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார், பரம்பரை மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுக்கச் செய்தார். தொழிலை விட்டு அவர்களைத் துரத்தாமல் அவர்களையே பயிற்றுவித்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஊர்ப் பெண்கள் புதிய நர்ஸைவிடத் தெரிந்த மருத்துவச்சியைத்தான் நம்புவார்கள் அல்லவா!

நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால் லேடி டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு போகிறோம். நம் மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தவும் நாம்தான் முடிவு செய்கிறோம். அந்த லேடி டாக்டர் எந்த வீட்டிலிருந்து வருவார்? இந்தக் கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே போபால் பேகம் தம் பிரமுகர்கள் முன் வைத்துவிட்டார்.

1909ல் பெண்களுக்காக ஒரு கிளப் தொடங்கினார். ஆண்கள் நுழைய முடியாத அந்த இடத்தில் சுகாதாரம், முதலுதவி, குழந்தை வளர்ப்பு பற்றிப் பெண்கள் பேசவும் கேட்கவும் முடிந்தது. 1918ல் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார்.

போபாலுக்கு வெளியேயும் அவருடைய கை நீண்டது. அலிகரில் ஷேக் அப்துல்லாஹ் நடத்திவந்த பெண்கள் பள்ளிக்கு உதவித்தொகை கொடுத்தார். 1914ல் அங்கே மாணவியர் விடுதியைத் திறந்துவைத்தார். அந்தச் சமயத்தில்தான் அகில இந்திய முஸ்லிம் பெண்கள் மாநாடும் உருவானது. மௌலானா ஷிப்லி நுஃமானி எழுதத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் சுலைமான் நத்வி தொடர்ந்த சீரத்துன் நபி நூலுக்கும் பேகத்தின் பொருளுதவி இருந்தது.

அவர் செய்த எல்லாவற்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆங்கிலேய அரசின் மீது அவர் காட்டிய விசுவாசம் அன்றைய தேசியவாதிகளுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய பள்ளிகளின் பலன் முதலில் பிரமுகர் வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தது. 1924ல் மூத்த மகன்கள் இருவரும் அடுத்தடுத்து இறந்தபோது வாரிசுரிமையில் சிக்கல் எழுந்தது. பேரன்களுக்குப் பதில் இளைய மகன் ஹமீதுல்லாஹ்வுக்கே ஆட்சி வரவேண்டும் என்று லண்டன் வரை சென்று வாதாடி வென்றார். 1926ல் தாமாகவே பதவி விலகி மகனை அமர்த்தினார். போபாலில் பெண்களின் ஆட்சி முடிந்தது அவருடைய கையாலேயேதான். ஆனால் ஹமீதுல்லாஹ்வின் மூத்த மகள் ஆபிதா, பாட்டியிடம் கண்டிப்பாக வளர்ந்தவர், 1928ல் அடுத்த வாரிசாக அறிவிக்கப்பட்டார்.

அதே 1928ல் டெல்லியில் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு சுல்தான் ஜஹான் தலைமை தாங்கினார். சிறுமியர் திருமணத்தைத் தடுக்கும் சட்டத்துக்காக அந்த மாநாடு குரல் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டு சாரதா சட்டம் நிறைவேறி, பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயது 14 ஆனது. வாழ்நாள் முழுதும் முகத்திரையை ஆதரித்து எழுதிய பேகம், கடைசி ஆண்டுகளில் பொது மேடையில் அதை விலக்கினார். அது சரியா தவறா என்று அன்றே சர்ச்சை எழுந்தது, இன்றும் நம்மிடையே இரு கருத்து உண்டு. மார்க்கத்தில் பேணுதலோடு வாழ்ந்த ஒரு மூதாட்டி எழுபது வயதில் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

1920ல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் வேந்தராக அவரே இருந்தார். 1930 மே 12ல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் நீடித்தார். அதே பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் நாற்காலியில் ஒரு பெண் அமர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.