பாற்கடல் அமைத்த மன்னன்

நகரின் நடுவிடத்தையும் நீர்க்கரையையும் ஒரே அமைப்பாக இணைக்கும் எண்ணம் இக்காலக் கட்டிடக் கலைஞர்க்கு மட்டும் உரியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டி மாநகரில் அதனைச் செய்து காட்டியவன், இலங்கையின் இறுதி முடிமன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

1780இல் நாயக்கர் குலத்திற் பிறந்த இவனது இளமைப் பெயர் கண்ணுசாமி. 1798இல் இராஜாதிராஜசிங்கன் மகப்பேறின்றி மறைந்தபோது, முதல் அதிகாரியாகிய பிலிமத்தலாவை இவ்விளைஞனை அரியணை ஏற்றினான். பொம்மை அரசனாக வைத்துத் தானே ஆளலாம் என்பது அவன் எண்ணம், அது பலிக்கவில்லை. 1803இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயராலும் அங்கு நிலைக்க இயலவில்லை.

பகை ஓய்ந்த ஆண்டுகளில் மன்னன் மனம் கட்டிடப் பணியில் தோய்ந்தது. தேவேந்திர மூலாசாரி என்னும் அரண்மனைச் சிற்பி துணைநின்றான். தலதா மாளிகையின் முகப்பில் பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபம் எழுந்தது. அதற்கு முன்னே அகழி; அப்பால் முகில் அலைபோல் வளைந்து செல்லும் வெண்சுவர். வயல்கள் கிடந்த தாழ்நிலத்துக்குக் கரை கட்டி, 1807ஐ அடுத்த ஆண்டுகளில் ஏரி அமைக்கப்பட்டது. கிரி முகுத, அதாவது பாற்கடல், என்று அதற்குப் பெயர். மண்டபமும் சுவரும் நீரும் ஒரே பார்வையில் அடங்குமாறு அமைந்த அழகை இன்றும் காணலாம்.

ஆனால், அவ்வழகின் விலையைக் கொடுத்தவர் குடிமக்களே. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் உழவர் தம் வயலை விட்டு மண் சுமந்தனர். பிரதானிகளின் வெறுப்பும் வளர்ந்தது. 1814இல் எகலப்பொல ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகவே, அவன் மனைவி மக்களை மன்னன் கொல்வித்தான். அக்கொடுமையை எந்தக் கலையழகும் மறைக்கமாட்டாது.

1815 பெப்ரவரி 18இல், தும்பறையின் மெதமகநுவரவை அடுத்த பொமுரேயில் ஒளிந்திருந்த மன்னன் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று, முடியாட்சி முடிந்தது.

மெதமகநுவர எங்கள் தெல்தெனியவுக்கு அண்மையிலுள்ளது. இவன் நல்லவனா, தீயவனா என மாணவர் என்னைக் கேட்பதுண்டு. ஒரு சொல்லில் விடை கூற நான் துணிவதில்லை. விக்டோரியா நீர்த்தேக்கம் 1985இல் திறக்கப்பட்டபோது எங்கள் பழைய தெல்தெனிய நகர் நீருள் மறைந்தது. நாட்டுக்கு மின்னொளி கிடைத்தது. ஊரவர்க்கு வீதியும் வீடும் போயின. ஆதலின், எந்த நீர்ப்பரப்பைக் கண்டாலும், இதற்காக இழந்தவர் யார் என்று வினவுவது எங்களுக்கு இயல்பாகிவிட்டது. அவ்வினாவைக் கேட்டிருந்தால், மன்னன் ஏரியோடு மக்கள் அன்பையும் பெற்றிருப்பான் என்பதே என் கருத்து.

1816இல் நாடு கடத்தப்பட்ட அவன், வேலூர்க் கோட்டைச் சிறையில் 1832 ஜனவரி 30ஆம் நாள் உயிர் நீத்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவாக முத்து மண்டபம் நிற்கின்றது. கண்டி ஏரியைச் சூழ அவன் தொடங்கிய முகிற் சுவரோ இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கின்றது.