கதவுக்கு வெளியே உட்கார்ந்து படித்தவர்

சுவர் இதழில் விஞ்ஞானிகளும் தலைவர்களும் நிறைய வந்தாச்சு. இந்தத் தடவை வில்லியம் சீமோர் என்ற போதகர். பெந்தெகொஸ்தே சபைகள் உலகம் முழுக்கப் பரவியதற்கு முக்கியக் காரணமானவர்களில் ஒருவர்.

சீமோர் 1870 மே 2 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். கறுப்பினத்தவர். அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்திருந்தாலும் தெற்கு மாநிலங்களில் ரயில் பெட்டி, பள்ளிக்கூடம் எல்லாமே தனித்தனி. சர்ச்சும் தனித்தனிதான். ஒரே பைபிள், ஒரே இயேசு, ஆனால் பெஞ்சு வேறே!

சீமோர் வடக்கே போய் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்தார். பெரியம்மை வந்து இடது கண் பார்வை போனது. அதன் பிறகுதான் முழு நேர ஊழியத்துக்கு வந்தார்.

1906 தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரத்தில் சார்லஸ் பர்ஹாம் என்ற வெள்ளைக்கார போதகர் வேதாகம வகுப்பு நடத்தினார். சீமோர் சேர விரும்பினார். வெள்ளையரோடு ஒரே அறையில் உட்கார அனுமதி இல்லை. அதனால் நடையில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். லேட்டா வந்ததுக்கு நம்மைப் பத்து நிமிஷம் வெளியே நிற்க வைத்தாலே முகம் சுருங்கிப் போகுது. அவர் வாரக்கணக்கில் அப்படிப் படித்தார்.

அந்த பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு சிறிய சபை அவரை அழைத்தது. அது கறுப்பினத்தவர் சபைதான். ஆனால் அந்நியபாஷை பற்றி அவர் பிரசங்கித்தது பிடிக்காமல், சில நாளிலேயே கதவைப் பூட்டிவிட்டார்கள். பிறகு ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார். கூட்டம் தாங்காமல் வராண்டாவே இடிந்ததாகச் சொல்வார்கள்.

ஏப்ரலில் அசூசா தெரு 312-ஆம் எண் கட்டடம் கிடைத்தது. பழைய சர்ச், பிறகு குதிரை லாயமாக இருந்த இடம். ஆணிப் பீப்பாய்கள் மேல் பலகை போட்டால் பெஞ்சு. மரப்பெட்டிகளை அடுக்கினால் பிரசங்க மேடை. கறுப்பர், வெள்ளையர், மெக்சிகர், சீனர் என எல்லோரும் வந்தார்கள். யாருக்கும் தனி வரிசை கிடையாது. சபை நடத்திய குழுவிலும் கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லாரும் இருந்தார்கள். கறுப்பினத்தவர் தலைமேல் கை வைத்து ஜெபிக்க, வெள்ளைக்காரர்கள் முழங்காலில் நின்றார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது! உள்ளூர் பத்திரிகைகள் கிண்டல் செய்தன. அவர்களே ஒரு இலவசப் பத்திரிகை தொடங்கினார்கள். அது 50,000 பிரதி வரை போனது. அங்கிருந்து கிளம்பிய கார் தம்பதி 1907-இல் நம் நாட்டில் கல்கத்தாவில் கூட்டம் நடத்தினார்கள்.

1906 அக்டோபரில் பர்ஹாம் பார்க்க வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆராதிப்பதைக் கண்டு முகம் சுளித்தார். அவர்கள் ஆராதித்த விதமும் பிடிக்கவில்லை. கடுமையாகக் கண்டித்துவிட்டு, அதே ஊரில் தனிக் கூட்டம் போட்டார்.

1908-இல் சீமோர் ஜென்னி மூர் என்பவரை மணந்தார். அதே ஆண்டு பத்திரிகையைக் கவனித்துவந்த வெள்ளைக்காரப் பெண்மணி போர்ட்லாண்டுக்குப் போக, பத்திரிகையும் வாசகர் முகவரிகளும் கூடவே போய்விட்டன. கூட்டம் குறைந்தது.

அடுத்து வருவதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். விட்டால் பாதிக் கதைதான் ஆகும். 1911-இல் சீமோர் வெளியூர் போயிருந்தபோது டர்ஹாம் என்ற வெள்ளைக்கார போதகர் அசூசாவில் பிரசங்கித்துப் பெரிய கூட்டம் சேர்த்தார். கொள்கையில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. திரும்பி வந்த சீமோர் கதவைப் பூட்டச் செய்தார். ஆமாம், பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற அதே சீமோர்தான். 1915-இல் சபைச் சட்டத்தைத் திருத்தி, தலைமைப் பொறுப்பு கறுப்பினத்தவருக்கே என்று எழுதினார். பல தடவை அடிபட்ட மனசு, அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வரவில்லை. ஆனாலும் வெள்ளையரும் நம் சகோதரரே, அன்பாக வரவேற்கணும் என்று போதிப்பதை அவர் நிறுத்தவில்லை.

1922 செப்டம்பர் 28 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 52. அப்போது சபையில் மிஞ்சியிருந்தது சிறு கூட்டம்தான். ஜென்னி அம்மா சபையைத் தொடர்ந்து நடத்தினார். 1931-இல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.